ஏழாவது கறுப்பு

மற்றவர்கள் எழுதி வைத்ததை மறைப்பதுதான் இருபத்துச் சொச்சம் வருடமாக நான் செய்த வேலை. சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். மெல்பேர்னில் காவல்துறையின் ஆவணப் பிரிவு ஒன்றில், மேற்குப் பக்கம் பார்த்த பெரிய யன்னலோரம் என் மேசை இருந்தது. பொதுமக்கள் பழைய பொலிஸ் பதிவுகளைக் கேட்டு விண்ணப்பம் போடுவார்கள். நான் அந்தப் பதிவைத் தேடியெடுத்து, அவர்கள் பார்க்கக் கூடாத பகுதியைக் கறுப்புப் பேனாவால் மூடி, மிச்சத்தை அனுப்பி வைப்பேன்.

இப்போது கறுப்பைக் கணினியே பூசிவிடுகிறது. நான் ஓய்வுபெற்ற அன்று கேக் வெட்டும்போது, புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, "உண்மையிலேயே பேனாவாலா செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு பேனா எத்தனை நாள் வரும் என்றாள். அது கேட்கிற ஆளின் குடும்பத்தைப் பொறுத்தது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது முதல் பக்கம் முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நம் ஆட்களுக்கு நான் 'பொலிசில இருக்கிற அன்ரி'. கலியாண வீடுகளில் என்னைத் தனியே கூப்பிட்டு, பார்க்கிங் அபராதத்தை நீக்கித் தர முடியுமா என்று காதுக்குள் கேட்பார்கள். நான் கடதாசிகளோடு இருக்கிறவள், காரோடு இல்லை என்று சொன்னால், உதவி செய்ய மனமில்லாதவள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

கொழும்பில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது எங்கள் கலியாணச் சான்றிதழும் அதோடு போயிற்று. இங்கே வந்து இறங்கியபோது நானும் என் கணவரும் புருசன் பெண்சாதி என்பதற்கு எங்களுடைய வாய்தான் சாட்சி. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் வேலை கிடைத்தது. ஆறு கிழமை பயிற்சி. தட்டச்சு ஏற்கெனவே தெரியும். மிச்சத்தை மிஸ்டர் கென் கற்றுத் தந்தார்.

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் அவர். 'மிஸ்டர் வேண்டாம், கென் என்று கூப்பிடுங்கள்' என்று முதல் நாளே சொன்னார். கொழும்பில் மேலதிகாரியை 'சேர்' என்று அழைத்த வாய் அதற்கு மசியவில்லை. இரண்டுக்கும் நடுவில் 'மிஸ்டர் கென்' என்று வந்து நின்றது. கடைசிவரை அதுவே அவர் பெயர். உயரமான, ஒடிசலான மனிதர். அசல் பதிவைத் தொடுவதற்கு முன் போய்க் கை கழுவி, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். யாருக்கும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார். 'இந்தப் பக்கத்தில் இல்லை' என்பார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதனால் அவருக்குக் கோபம் வந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்போம்.

வேலையின் ஒழுங்கு இதுதான். விண்ணப்பம் வந்ததும் திகதி முத்திரை. அன்றிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் பதில் போக வேண்டும். அட்டைப் பெட்டிகளில் தேடி, நிலவறைக்கு இறங்கி, பதிவு அகப்பட்டால் நகல் எடுக்க வேண்டும். நகலில் கறுப்பு. ஆனால் பேனா மை காய்ந்த பிறகும் அடியில் உள்ள எழுத்து லேசாகத் தெரியும். அதனால் கறுப்பிட்ட நகலை மறுபடி ஒரு நகல் எடுக்க வேண்டும். அந்த இரண்டாம் நகல்தான் வெளியே போகும். அதற்கு முன் மிஸ்டர் கென் அதை யன்னலடிக்குக் கொண்டுபோய், இரண்டு கையாலும் உயர்த்தி, வானத்துக்கு எதிரே பிடிப்பார். ஓர் எழுத்தாவது கசிகிறதா என்று பார்ப்பார். தெருவோர மரங்களின் இலை நிழல் தாளின் முதுகில் அசையும். சில நாள் அவர் அப்படியே நின்றுவிடுவார். பக்கத்தைப் பார்க்கிறாரா, மரத்தைப் பார்க்கிறாரா என்று எங்களுக்குத் தெரியாது.

எனக்கும் அந்த நோய் தொற்றியது. பதிவுகளை வாசிக்கும்போது நான் மேசையில் இருக்க மாட்டேன். இருபது வருடத்துக்கு முந்திய ஏதோ ஒரு வீட்டின் முன்னறையில் நிற்பேன். கான்ஸ்டபிள்கள் தேவையில்லாததையும் எழுதியிருப்பார்கள். அடுப்பில் சூப் கொதித்தது, பூனை ஒன்று படியில் படுத்திருந்தது என்று. அந்தப் பூனையோடு நான் ஸ்பிரிங்வேல் ரயிலில் வீடு திரும்புவேன். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு அடுத்த ஸ்டேஷனில் நின்ற நாட்கள் உண்டு.

அப்படி நான் மிக விரும்பி அலைந்தது தொலைக்காட்சி லைசென்ஸ் பதிவுகளில். இந்த நாட்டில் ஒரு காலத்தில் வீட்டில் தொலைக்காட்சி வைத்திருக்க லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. நான் வருவதற்கு முன்பே, எழுபதுகளின் நடுவில், அதை ஒழித்துவிட்டார்கள். லைசென்ஸ் சோதகர் வீடு வீடாகப் போவார். யாராவது முரண்டு பிடித்தால் ஒரு கான்ஸ்டபிளைத் துணைக்குக் கூட்டிப் போவார். கான்ஸ்டபிள் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து, கண்டதைப் புத்தகத்தில் எழுதி வைப்பார். அநேகமான புத்தகங்களை அழித்துவிட்டார்கள். சில ஸ்டேஷன்களின் புத்தகங்கள் மட்டும் எப்படியோ எங்கள் நிலவறையில் வந்து கிடந்தன.

அவற்றைக் கேட்டும் கடிதங்கள் வந்தன. கூரையில் ஏரியல் சுழலும் வண்டி ஒன்று தெருவில் வந்து, எந்த வீட்டில் என்ன நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்குமாம், அது நிசமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்களிடம் அப்படி ஆவணம் எதுவும் இல்லை என்று பதில் எழுதினேன். இன்னொரு முதியவர், தான் உடுப்பு அலுமாரிக்குள் தொலைக்காட்சியை ஒளித்து வைத்திருந்ததாகவும், சோதகர் வந்தபோது உள்ளேயிருந்து பாட்டுக் கேட்டுவிட்டதாகவும் நான்கு பக்கம் எழுதியிருந்தார். தன் பெயர் இன்னும் எங்காவது கிடக்கிறதா என்று அறிய வேண்டுமாம். தேடினேன், இல்லை. அதை எழுதி அனுப்பியபோது, அவருக்கு அது ஆறுதலா, ஏமாற்றமா என்று யோசித்துக்கொண்டே தபாலில் போட்டேன்.

புவனம் அக்காவின் விண்ணப்பம் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. கொன்வென்ட் கையெழுத்து, எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. ஸ்பிரிங்வேல் முகவரி. இருபத்தைந்து வருடத்துக்கு முன் இன்ன புறநகரில், இன்ன தெருவில், தோமஸ் ஆதர் கீல் என்பவர் வீட்டுக்கு லைசென்ஸ் சோதகரும் பொலிசும் வந்ததாகவும், அந்தப் பதிவின் நகல் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். விண்ணப்பதாரியின் பெயரைப் பார்த்ததும் எங்கள் ஆள் என்று தெரிந்தது. ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இந்த வெள்ளைக்காரரின் தொலைக்காட்சி எதற்கு என்று நினைத்தேன். கேட்பது என் வேலை இல்லை.

பதிவு கிடைத்தது. ஒரே ஒரு பக்கம். மூன்றாம் ஆள் யாருடைய தனிப்பட்ட விடயமும் வெளியே போகக் கூடாது என்பது விதி. விண்ணப்பதாரியின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. ஆகவே அந்தப் பக்கத்தில் இருந்த எல்லா மனிதரும் மூன்றாம் ஆட்கள். நான் வழக்கம்போல் ஒழுங்காகக் கறுப்பிட்டேன். ஏழு இடம். மிஸ்டர் கென் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது ஒரு நல்ல வேலையாகத் தெரிந்தது.

அடுத்த கிழமை புவனம் அக்கா அந்தத் தாளோடு எங்கள் கவுண்டருக்கு வந்தார். ஐம்பது கடந்தவர், கட்டையான உருவம், நேர்ஸ்மார் அணியும் சப்பாத்து. என் கழுத்திலிருந்த அட்டையில் பெயரைப் படித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"தங்கச்சி, நீங்களோ இதைச் செய்தது?"

"ஓம் அக்கா."

"ரீவியை மட்டும் விட்டு வச்சிருக்கிறியள். மனுசர் எல்லாரையும் அழிச்சுப்போட்டியள்."

தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார். உண்மைதான். இருபத்தொரு அங்குலப் பெட்டி, மர உறை, லைசென்ஸ் இல்லை, கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

அவரை உட்கார வைத்தேன். மெல்ல மெல்லச் சொன்னார். நேர்ஸிங் படிக்க இலங்கையிலிருந்து வந்தவர். ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த டொம்மோடு, அதாவது அந்தத் தோமஸ் கீலோடு, வாழ்ந்தார். டொம்முக்கு வேறொரு ஊரில் மனைவி இருந்தாள், மணவிலக்குக் கொடுக்கவில்லை. மகள் பிறந்தபோது பயத்தில் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள், பிறகு எழுதலாம் என்று. மகளுக்கு ஒன்றரை வயதில் டொம் இருதயம் நின்று இறந்துபோனார். செத்த வீட்டை முதல் மனைவி நடத்தினாள். புவனம் அக்கா தேவாலயத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். ஒரு படம்கூட அவரிடம் இல்லை.

"அனிதாவுக்கு வாற மாதம் கலியாணம். இங்க கலியாணப் பத்திரத்தில தகப்பன்ர பேர் கேக்கிறாங்கள். அவள் 'தெரியாது' எண்டு எழுதப்போறாளாம். நான் சொன்னா நம்புறாளில்லை. 'அம்மா, அந்த மனுசனுக்கு நான் வேண்டாம். நீங்கள் எனக்காகக் கதை சொல்லுறியள்' எண்டு சொல்லுறாள்." குரல் உடையவில்லை. வார்டில் நோயாளியின் நிலைமையைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். "அவர் எங்களோட இருந்ததுக்கு அரசாங்கம் எழுதின ஒரே கடதாசி இதுதான், தங்கச்சி."

"நீங்கள்தான் அந்த வீட்டில இருந்த ஆள் எண்டு காட்ட ஏதாவது இருக்கோ, அக்கா?"

"அதைத்தானே உங்களிட்டக் கேக்கிறன்."

சான்றிதழ் எரிந்து, வாயை மட்டும் சாட்சியாகக் கொண்டு வந்து இறங்கியவள் நான். அந்தத் தாளில் பேனாவைப் பிடித்திருந்ததும் என் கைதான். அன்று முழுவதும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது.

புவனம் அக்கா மறுபரிசீலனைப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். மிஸ்டர் கென்னிடம் கொண்டுபோனேன். அவர் கை கழுவிவிட்டு வந்து அசல் பக்கத்தை வாசித்தார். பிறகு என் கறுப்பிட்ட நகலை எடுத்து, ஒவ்வொரு கறுப்புக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று ஏழு வரை இலக்கமிட்டார்.

"அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவருக்குச் சொன்னால், நாம் எதையும் வெளியே விட்டதாக ஆகாது," என்றார் மெதுவாக. "அவரை வரச் சொல்லுங்கள். கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவரே சொல்லட்டும்."

சட்டத்தில் இப்படி ஒரு பரீட்சை இல்லை. இருக்கக் கூடாது என்றும் இல்லை.

மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு யன்னலோரம் மூன்று கதிரை போட்டோம். மிஸ்டர் கென் அசலைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். புவனம் அக்காவின் மடியில் கறுப்புத் தாள். வெயில் சாய்ந்து தரைவிரிப்பில் கிடந்தது. அன்றைய பின்னேரத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள் என்றார் மிஸ்டர் கென்.

புவனம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். சனிக்கிழமை. வெளியே கடும் வெயில். கதவைத் திறந்தது அவர்தான். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். பெயர் கேட்டபோது பயத்தில் சொல்லவில்லை. மிஸ்டர் கென் ஒரு சரி போட்டார். என் கண்ணுக்கு அசலின் வரி தெரிந்தது: கதவை ஓர் இந்தியப் பெண் திறந்தார், பெயர் கூறவில்லை. முன்னறைக் கதிரையில் குழந்தைத் துணிகள் காயப் போட்டிருந்தன, சோதகர் உட்கார இடமில்லாமல் நின்றார். இன்னொரு சரி. டொம்மின் பெயரும் வயதும், பட்டறை வேலை. சரி, சரி. சோதகருக்கும் கான்ஸ்டபிளுக்கும் தேநீர் கொடுத்தது. சரி. அந்த அறை எங்கள் அலுவலகத்துக்குள் மெதுவாக வந்து நிற்பதுபோல் இருந்தது. கிரிக்கெட் வர்ணனைகூடத் தூரத்தில் கேட்பதாக எனக்கு ஒரு மயக்கம்.

குழந்தை படுத்திருந்த இடத்துக்கு வந்ததும் அவருக்கு ஆங்கிலம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எங்களிட்டத் தொட்டில் இல்லை. டொம் அலுமாரியின்ர கீழ் லாச்சியைக் கழட்டி, அதுக்குள்ள போர்வை விரிச்சு நிலத்தில வச்சவர். அவள் அதுக்குள்ளதான் படுத்திருந்தவள். இதை அவருக்குச் சொல்லுங்கோ, தங்கச்சி."

நான் மொழிபெயர்த்தேன். அலுமாரியிலிருந்து கழற்றிய இழுப்பறை ஒன்றில் கைக்குழந்தை. அசலில் அப்படியே இருந்தது. மிஸ்டர் கென் ஆறாவது சரியைப் போட்டுவிட்டுப் பென்சிலைத் தாளிலிருந்து சற்று நேரம் எடுக்கவே இல்லை.

"ஏழாவது," என்றார் பிறகு. "வீட்டுக்காரர் அவர்களிடம் என்ன சொன்னார்?"

"தெரியாது." ஆங்கிலத்தில் சொன்னவர், தமிழில் என்னிடம் திரும்பச் சொன்னார். "எனக்குத் தெரியேல்லை. நான் குசினிக்குள்ள தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். கேத்தில் கூவினது. ஒண்டும் கேக்கேல்லை."

ஏதாவது ஊகித்துச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. பரீட்சையில் தோற்றுவிட்டேனா என்று கேட்பவர்போல எங்களிருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

மிஸ்டர் கென் அசலை என் பக்கம் தள்ளினார். "ஆறைத் திறக்கலாம். ஏழாவது அவருக்குத் தெரியாதது. நம்முடைய கணக்குப்படி அது மூடித்தான் இருக்க வேண்டும்."

ஏழாவது இதுதான்: வீட்டுக்காரர், 'சத்தம் போடாமல் பேசுங்கள், என் மகள் தூங்குகிறாள்' என்றார்.

பத்து வருடம் மிஸ்டர் கென்னோடு வேலை செய்து, அவர் சொன்னதை நான் மறுத்துப் பேசியதில்லை. அன்று பேசினேன். "மிஸ்டர் கென், இந்தக் கறுப்பு யாரைக் காப்பாற்றுகிறது? சொன்னவர் இறந்துவிட்டார். யாரைப் பற்றிச் சொன்னாரோ அவளுக்கு இது தெரியாது. ஒரு தகப்பன் அவளைத் தன் மகள் என்று சொன்னதை அந்த மகளிடமிருந்தே மறைத்து, அவளுடைய அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறோமா?"

அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பிரிவை எனக்கு முன்னால் வைத்தார். பிறருடைய தனிப்பட்ட விடயங்களை நியாயமற்ற முறையில் வெளியிடக் கூடாது என்று இருந்தது. எனக்கு மனப்பாடமான பிரிவு. ஆனால் கறுப்பிடும்போதெல்லாம் நான் 'தனிப்பட்ட' என்பதோடு நின்றுவிட்டிருந்தேன். 'நியாயமற்ற' என்பதைத் தாண்டிப் போனதை அன்றுதான் கண்டேன். அதற்கு முன் நான் அப்படி மூடிய பக்கங்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

"நானும்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார் அவர்.

புதிதாக ஒரு நகல் எடுத்தேன். பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. மிஸ்டர் கென் அதை வாங்கி யன்னலடிக்குப் போனார். எழுத்துக் கசிவதற்கு அதில் கறுப்பே இல்லை. இருந்தாலும் இரண்டு கையாலும் உயர்த்தி வானத்துக்கு எதிரே பிடித்தார். எழுத்துகளுக்குப் பின்னால் இலைகள் அசைந்தன. வெகு நேரம் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

புவனம் அக்கா கவுண்டரில் நின்றபடியே வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இதைச் சொல்லேல்லை அவர்," என்றார். "நான் பின்னேரம் முழுக்க அவரை ஏசினனான், லைசென்ஸ் எடுக்கச் சொன்னனானெல்லோ எண்டு. மனுசன் சிரிச்சுக்கொண்டு இருந்தவர்." தாளை மடிக்காமல், ஓர் உறைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "போட்டு வாறன், தங்கச்சி."

விண்ணப்பதாரிகளை நாங்கள் பின்தொடரக் கூடாது. அதனால் அனிதா நம்பினாளா, பத்திரத்தில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து ஸ்பிரிங்வேல் சந்தையில் புவனம் அக்கா முருங்கையிலை தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அவரும் கண்டார். தலையசைத்தோம். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. முருங்கையிலை என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

மிஸ்டர் கென் ஓய்வுபெற்றார். பிறகு இறந்தும் போனார். நாங்கள் கட்டடம் மாறினோம், யன்னல்கள் திறக்காத கட்டடம். பேனாக்கள் போய்க் கணினி வந்தது.

நான் விலகுவதற்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு விண்ணப்பம் வந்தது. அதே தெரு, அதே பழைய பக்கம். கேட்டிருந்தவர் பெயர் அனிதா. என் தாயார் இந்தக் குளிர்காலத்தில் காலமானார், அவரிடம் இருந்த நகலை அவர் விருப்பப்படி அவரோடு சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டோம், எனக்கு ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தாள். படிவத்தில், பதிவில் உள்ளவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்ற கட்டத்தில் 'மகள்' என்று இருந்தது.

உறவுக்கு ஆதாரமாகத் தன் கலியாணச் சான்றிதழின் நகலை இணைத்திருந்தாள். திகதியைப் பார்த்தேன். புவனம் அக்கா எங்கள் கவுண்டரில் நின்ற மாதத்துக்கு அடுத்த மாதம். தகப்பன் பெயர் என்ற இடத்தில் முழுப் பெயரும் இருந்தது: தோமஸ் ஆதர் கீல், ஃபிட்டர், காலமானார்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு, பழக்க தோசத்தில், திறக்காத அந்த யன்னலடிக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு நானே கையெழுத்துப் போட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட்டேன்.